துருப் பிடிக்காத உடைவு

காலை 6.20.

பனி இன்னும் விலகவில்லை. கால்வாய்ப் பாலத்தைக் கூட்ட வந்த துப்புரவுத் தொழிலாளியின் கண்ணில் முதலில் பட்டது ரொட்டிதான். பாக்கெட் பாக்கெட்டாகச் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தது. அது சிதறிய வழியே நடந்தார். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முட்டி, மூக்கு நசுங்கி நின்றது ஒரு வேன்.

ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். வலது கால் உள்ளே மாட்டியிருந்தது. நினைவு தப்பவில்லை.

"என்னை விடுங்க. முதல்ல அவரப் பாருங்க."

துப்புரவுத் தொழிலாளி ஏற்கெனவே பார்த்துவிட்டார். பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் பேக்கரியில் சரக்கு ஏற்றி இறக்குபவர். ஓட்டியவளின் தங்கை கணவர்.

ஒன்பதாம் நாள். காலை 9.30.

காவல் நிலையத்துக்குப் புது இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் அந்த அம்மாவுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது: துருவி. அவர் துருவித் துருவிக் கேட்டு முடித்தால் தேங்காயைப் போல எதிராளியில் ஓடு மட்டும்தான் மிஞ்சும் என்று பேச்சு. பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை.

"இந்த ரொட்டி வண்டி ஃபைல் ஏன் இன்னும் மேஜைமேல கிடக்கு?"

ஏட்டு நிமிர்ந்தார். "முடிஞ்ச கேஸ்தான் மேடம். ஓட்டின அம்மா தூங்கிடுச்சு. முந்தின நாள் ரெண்டு ஷிஃப்ட் பாத்திருக்கு."

"வண்டியில கோளாறு?"

"வாய்ப்பே இல்ல. இந்த மாடல் வேன்ல ரெண்டு குறை இருக்குன்னு தயாரிச்ச கம்பெனியே போன வருஷம் அறிவிச்சுது. ஒண்ணு, லோயர் ஆர்ம். முன் சக்கரத்த வண்டியோட பிடிச்சு வச்சிருக்குற இரும்புக் கை. அதுல வெல்டிங் விரிசல் விடுது. இன்னொண்ணு, ஹெட்லைட் கனெக்டர். சூடாகி லூசாயிடுது. ரீகால்னு எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிட்டு இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. இந்த வண்டிக்கு நாலு மாசம் முன்னாடியே மாத்தியாச்சு. சர்வீஸ் சென்டர் சான்றிதழ் இதோ."

"அப்போ என்ன பாக்கி?"

"நாளைக்கு வாகனப் பரிசோதகர் ஒரு பார்வை பாக்கணும். அப்புறம், தூங்கிட்டேன்னு வாக்குமூலம். எழுதி எடுத்துட்டுப் போனா, கையெழுத்து போட மாட்டேங்குது. பேனாவத் தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சிடுச்சு மேடம். என் சொந்தப் பேனா."

துருவி ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

காலை 10.15.

மருத்துவமனையில் ஓட்டுநரின் கட்டில் அருகே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம், மடியில் பழப்பை. பேக்கரி முதலாளி.

"தினமும் வந்துடறேன் மேடம். என் கடையில வேலை செய்றவங்க என் குடும்பம் மாதிரி. ஒரு வரி எழுதிக் கொடுத்துடும்மா, கண் அசந்துடுச்சுன்னு. யாரும் வேணும்னு செய்யலையே. வக்கீல நான் பாத்துக்கறேன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்குது."

"நான் தூங்கல" என்றாள் ஓட்டுநர். கால் கட்டோடு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் எழுந்து நின்றது. "இன்னும் நூறு பேர் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

துருவி முதலாளியைப் பார்த்தார். அவர் பழப்பையை வைத்துவிட்டு நாசூக்காக வெளியேறினார்.

"என்ன நடந்துச்சு? முதல்ல எது, அடுத்து எது, வரிசையாச் சொல்லு."

"பாலத்துக்கு நூறு அடி முன்னாடி லைட் போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல. 'அக்கா, லைட்டு'ன்னார். நான் பிரேக்க மிதிச்சேன். மிதிச்ச உடனே அடியில டங்குன்னு ஒரு சத்தம். ஸ்டியரிங் இடது பக்கமா இழுத்துட்டுப் போச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சேன். என் பலம் பத்தல."

"மோதினதுக்கு அப்புறம் சத்தமா, முன்னாடியா?"

"முன்னாடி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"லைட் ஸ்விட்ச்சை நீயே அணைச்சியா?"

"பனியில எவளாவது லைட்ட அணைப்பாளா?"

துருவி ஃபைலைப் புரட்டினார். விபத்தன்று ஏட்டு எழுதிய குறிப்பில் ஒரு வரி: ஹெட்லைட் ஸ்விட்ச் 'ஆன்' நிலையில் இருந்தது.

"இந்த வண்டிய ரீகாலுக்கு நீதான் கொண்டுபோய் விட்டியா?"

"நான் போகல. ஒரு நாள் கூட வண்டி என் கையை விட்டுப் போனதில்ல. கேட்டா முதலாளி, 'நீ லீவுல இருந்தப்ப அனுப்பினேன்'ங்கறார்." அவள் கூரையைப் பார்த்தாள். "மேடம், என் தங்கச்சி ஒன்பது நாளா என்கிட்ட பேசல. அவ புருஷனை நான் தூங்கிக் கொன்னுட்டேன்னு நினைக்கிறா. ஜெயிலுக்குப் போறேன், பரவாயில்ல. தூங்கினேன்னு மட்டும் எழுத மாட்டேன்."

காலை 11.30.

வேன் காவல் நிலையத்தின் பின்புற மைதானத்தில் நின்றது. முன்பக்கக் கண்ணாடிகள் நொறுங்கியிருந்தாலும் வலது ஹெட்லைட்டின் பல்பு முழுசாக இருந்தது. துருவி அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பிச்சுருள் புதிதாக வாங்கியது போல நேராக இருந்தது.

பின்னால் போனார். பிரேக் லைட் பல்பைக் கழற்றினார். அதில் சுருள் இழுபட்டு வளைந்து, சிக்குப் பிடித்த முடி போலத் தொங்கியது.

"ஏட்டு, எரியற பல்புல சுருள் எப்படி இருக்கும்?"

"சூடா இருக்கும் மேடம்."

"சூடான கம்பி இளகும். அந்த நேரத்துல அடிபட்டா இப்படி இழுபடும். குளிர்ந்திருந்தா அப்படியே நேரா நிக்கும். இல்லன்னா வெட்டுப்பட்ட மாதிரி உடையும். இப்ப ரெண்டையும் பாருங்க."

ஏட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியது. "மோதும்போது பிரேக் லைட் எரிஞ்சிருக்கு. ஹெட்லைட் எரியல."

"பிரேக் மிதிச்சவ தூங்கினவளா? ஸ்விட்ச் போட்டும் லைட் எரியலன்னா கோளாறு யார்கிட்ட?"

"ஆனா கனெக்டர் புதுசுன்னு சான்றிதழ்..."

"அதத்தான் பாக்கப் போறோம்."

கனெக்டர் புதியதில்லை. கருகிப்போயிருந்தது. துருவி தரையில் படுத்து இடது முன் சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்தார். அங்கேதான் எதிர்பாராதது காத்திருந்தது. லோயர் ஆர்ம் இரண்டாக உடைந்திருந்தது. மேலே சேறு. ஒரு ஓரத்தில் பச்சைப் பொட்டு. ரீகாலில் மாற்றிய புதுப் பாகங்களுக்குக் கம்பெனி வைக்கும் அடையாளம் அது.

"பாத்தீங்களா மேடம்" என்றார் ஏட்டு குனிந்து. "இது புதுசுதான். மோதினதுல உடைஞ்சிருக்கு."

துருவி இன்னும் உள்ளே நகர்ந்தார். உடைந்த முகத்தைத் துணியால் துடைத்தார். வெள்ளி போல மின்னியது. பக்கத்தில் அறுந்து தொங்கிய இன்னொரு கம்பியைத் துடைத்தார். அதன் முறிவு செங்கல் நிறத்தில் துருவேறியிருந்தது. ஆர்மின் உள்ளே குழல் போல வெற்றிடம். அதில் கிரீஸோடு கலந்து வெள்ளையாக ஏதோ பசை அப்பியிருந்தது.

"பறவை எச்சமா இருக்கும்" என்றார் ஏட்டு.

"வண்டிக்கு அடியில மல்லாக்கப் பறக்குற பறவையா?"

துருவி பசையை ஒரு காகிதத்தில் வழித்து எடுத்துக்கொண்டார்.

"மழை என்னைக்கு நின்னுச்சு?"

"விபத்து அன்னைக்கு ஆரம்பிச்சு முந்தாநாள் வரைக்கும் பெய்தது மேடம்."

"வண்டி இதே இடத்துலதான் நின்னுச்சா?"

காவலுக்கு இருந்தவர் பதில் சொன்னார். "நேத்து வரைக்கும் அந்தச் சுவரோரமா நின்னுச்சு மேடம். இடது பக்கம் சுவரோட ஒட்டி. பூனை கூட நுழைய முடியாது. சக்கரமும் உள்ளே மடங்கிக் கிடந்துச்சு. பக்கக் கதவு அந்தப் பக்கம்தானே? ரொட்டித் தட்டெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சுன்னு முதலாளி மனு கொடுத்தார். நேத்து மதியம் மீட்பு லாரிக்காரர் வந்து இழுத்து நகர்த்தினார். நீங்கதான் அனுமதி கொடுத்தீங்க."

துருவி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். ஆம், அவருடைய கையெழுத்துதான். வந்த மறுநாள், படிக்காமல் போட்ட முப்பது கையெழுத்துகளில் ஒன்று.

"நீங்க கூடவே நின்னீங்களா?"

காவலர் நெளிந்தார். "முதலாளி சூடா பன் கொண்டு வந்திருந்தார் மேடம். கேட்கிட்ட உக்காந்து..."

"எத்தனை பன்?"

"ஆறு."

"ஆறு பன் தின்ன எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி வேற யார் வந்தாங்க?"

"மூணாம் நாள் சர்வீஸ் சென்டர் மேலாளர். ஃபோட்டோ எடுத்துட்டுப் போனார். அவ்வளவுதான்."

பிற்பகல் 12.40.

நிலையத்தின் முதலுதவிப் பெட்டியில் காயத்துக்குப் போடும் அயோடின் டிங்ச்சர் இருந்தது. துருவி வெள்ளைப் பசைமேல் ஒரே ஒரு சொட்டு விட்டார். பழுப்பு நிறச் சொட்டு விழுந்த இடத்தில் பசை பேனா மை போலக் கருநீலமானது. மூடியைத் திருகி மூடினார்.

"எச்சம் நீலமா மாறுமா மேடம்?"

"மாறாது. ஜீப்பை எடுங்க."

பிற்பகல் 2.00.

சர்வீஸ் சென்டரின் சுவரில் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. ரீகால் பணியை முதலில் நூறு சதவீதம் முடித்த மையத்துக்கான பாராட்டு. அதற்குக் கீழே மேலாளர் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை வண்டி?"

"நாப்பத்தெட்டு மேடம். எல்லாம் முடிச்சாச்சு. ஒண்ணு பாக்கி இல்ல."

"ரொட்டி வண்டிக்கு லோயர் ஆர்ம் மாத்தினீங்களா?"

"கண்டிப்பா. நான் மூணாம் நாளே நேர்ல வந்து பாத்தேனே. இடது ஆர்ம் உடைஞ்சிருக்கு, ஆனா பச்சைப் பொட்டு இருக்கு. புதுசுதான். என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணாலயா?"

"சத்தியமா."

"கழற்றின பழைய பாகம்?"

"உருக்க அனுப்பியாச்சு."

"நன்றி" என்று துருவி எழுந்தார்.

வெளியே வந்ததும் ஏட்டு பொரிந்தார். "பொய் மேடம்! மூணாம் நாள் வண்டி சுவரோட ஒட்டி நின்னுச்சு. இடது ஆர்மை யாராலயும் பாத்திருக்க முடியாது. இவர்தான் குற்றவாளி. மீட்பு லாரி இவங்க ஒப்பந்த லாரி. லாரிக்காரனை விட்டு நேத்து மாத்திட்டார்."

"பாதி சரி."

"மீதி?"

"மீதி மாவு மாதிரி, கையில ஒட்டிக்கிட்டு இருக்கு. லாரிக்காரரையும் பேக்கரிக்குக் கூட்டிட்டு வாங்க. இந்த மேலாளரையும்."

மாலை 4.15.

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பின் அனல். நான்கு பெண்கள் நீள மேஜையில் ரொட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி யாரோடும் பேசாமல் கையை மட்டும் அசைத்தாள். இறந்தவரின் மனைவி, ஓட்டுநரின் தங்கை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவர் நெருங்கி வருகிறது என்று ஏழாம் நாளே வேலைக்கு வந்துவிட்டவள்.

துருவியோடு வந்த ஏட்டு, மேலாளர், லாரிக்காரர் எல்லோருக்கும் முதலாளி நாற்காலி போடச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்" என்றார் துருவி. "வண்டியில இப்ப இருக்குற லோயர் ஆர்ம் விபத்துல உடைஞ்சது இல்ல. ஒரு வார மழையில அந்த வண்டியில உடைஞ்ச இரும்பெல்லாம் துருப் பிடிச்சிருக்கு. இது ஒண்ணு மட்டும் மின்னுது. மழை நின்ன பிறகு உடைச்ச இரும்பு. பழசைக் கழற்றிட்டு, உடைச்ச புதுசை மாட்டி, மேல சேறு பூசியிருக்காங்க. நாளைக்கு வாகனப் பரிசோதகர் வர்றார்னு தெரிஞ்சு செஞ்ச அவசர வேலை."

"அடப்பாவமே" என்றார் முதலாளி. மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"அவர் காகிதத்துல பண்ணினார். பாக்காததைப் பாத்தேன்னார். மாத்தப்போறதை யாரோ அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கணும்." துருவி மேஜைமேல் காகிதத்தை விரித்தார். "ஆனா அந்தப் புது ஆர்ம் நாலு மாசம் சர்வீஸ் சென்டர்ல இருக்கல. அங்க இருந்தா உள்ள கிரீஸ் மட்டும் இருந்திருக்கும். கிரீஸோட இது இருந்துச்சு. அயோடின் பட்டதும் நீலமாச்சு. மாவு."



முதலாளி சிரித்தார். "ரொட்டி வண்டி மேடம். மாவு இருக்காதா?"

"வண்டியில ஏறுறது பாக்கெட் போட்ட ரொட்டி. மாவு இல்ல. அதுவும் அடிப்பக்கத்துல, இரும்புக் குழலுக்குள்ள? மாவு பறக்குற அறையில மாசக்கணக்கா கிடந்த இரும்புக்குள்ளதான் அப்படி இறங்கும்."

"ஆயிரம் பேக்கரி இருக்கு."

"நேத்து மைதானத்துக்கு ஆறு பன்னோட வந்தது ஒரு பேக்கரிதான்."

முதலாளியின் குரலில் முதல் தடவையாகச் சாந்தம் குறைந்தது. "என் கடையில அப்படி ஒரு சாமான் இருந்துச்சுன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம். இங்க இருக்குறவங்க எல்லாம் என் உப்பைத் தின்னவங்க."

பாக்கெட் போடும் கை ஒன்று நின்றது.

"இருந்துச்சு" என்றாள் தங்கை.

"நீ உள்ள போம்மா. உனக்கு மனசு சரியில்ல."

"மனசு இப்பத்தான் சரியாச்சு." அவள் முன்னால் வந்தாள். "மாவு அறையில நீளமா ஒரு அட்டைப் பெட்டி. பச்சை முத்திரை. நாலு மாசமா அதுமேல ஏறி நின்னுதான் மேல் தட்டுல இருந்து ஈஸ்ட் எடுப்போம். ஏறி ஏறி மூடி கிழிஞ்சே போச்சு. உள்ள இரும்பு தெரியும். நான் மறுபடி வேலைக்கு வந்தப்ப பெட்டியக் காணோம். நேத்து சாயங்காலம் மூலையில ஒரு மூட்டை புதுசா வந்துச்சு. அதை யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்களே முதலாளி? காட்டட்டுமா?"

அவள் மாவு அறைக்குள் போனாள். ஏட்டு பின்னால் ஓடினார். மூலை மூட்டையின் கட்டை அவிழ்த்து இருவரும் கவிழ்த்தார்கள். மாவோடு சேர்ந்து தொப்பென்று விழுந்தது பழைய லோயர் ஆர்ம்.

துருவி அதன் உடைந்த முகத்தை ஊதினார். மூன்றில் இரண்டு பங்கு கறுத்துத் தடித்த துரு. ஓரத்தில் மட்டும் மெல்லிய செந்நிறக் கீற்று.

"கறுப்பு பல மாசத்து விரிசல். இந்தக் கீற்றுதான் ஒன்பது நாளுக்கு முன்னாடி உடைஞ்சது. இத்தனை நாளா இந்த விரல் அகலத்துலதான் சக்கரம் நின்னிருக்கு."

லாரிக்காரர் முதலில் வாயைத் திறந்தார். புது ஆர்மை லாரியின் இழுவை வின்ச்சில் மாட்டி உடைத்தது, பழசைக் கழற்றியது, தட்டுகளுக்கு அடியில் வைத்து வெளியே கொண்டுபோனது, எல்லாம். அடுத்து மேலாளர். வண்டியை இரண்டு நாள் நிறுத்த முடியாது என்று முதலாளி சொன்னாராம். முடிந்ததாகப் பதிந்துகொள், பாகத்தைக் கொடு, பிறகு மாட்டிக்கொள்கிறேன் என்றாராம். பட்டியலை முடிக்கும் அவசரத்தில் இவர் கொடுத்துவிட்டார்.

"கம்பெனியில இருந்து ரெண்டு கடுதாசி வந்துச்சு" என்றார் முதலாளி கடைசியில், தரையைப் பார்த்து. "அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிட்டே போச்சு."

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடல" என்றார் துருவி. "கூட்டிட்டுப் போங்க."

மாலை 6.00.

தங்கை மருத்துவமனை வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"நீ தூங்கிட்டேன்னு நானும் நம்பிட்டேங்கா."

"நம்பினா வந்து சண்டை போட்டிருக்கலாம்ல? முடியப் பிடிச்சு இழுத்திருக்கலாம்ல? பேசாம இருந்தியேடி."

தங்கை கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். அக்கா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். துருவி வந்தபோது இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், அந்த நாப்பத்தெட்டு வண்டியில எத்தனைக்கு உண்மையாவே மாத்தியிருக்கு?" என்று கேட்டாள் ஓட்டுநர்.

"மேலாளருக்கே சரியாத் தெரியல. இருபதுக்கு மேல வெறும் காகிதம்தான். எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிட்டேன். உத்தரவு வர ஒரு வாரமாகும்."

"அதுவரைக்கும் ஓடுமா?"

"ஓடும். நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை 5.50.

மொத்த விற்பனைச் சந்தையின் நுழைவாயில். அந்த மாடல் வேன்கள் பெரும்பாலும் இங்கேதான் சரக்கு ஏற்ற வரும். முதல் வேன் வந்தபோது தங்கை நடுச்சாலையில் நின்றாள். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபோன்.

"ஏய், சாகணும்னா வேற வண்டி பாரு!"

"இறங்கி உன் வண்டிக்கு அடியில பாரு. அப்புறம் திட்டு."

"நீ யாரு என்னை நிறுத்த?"

"யாரும் இல்ல. இதே வண்டியில புருஷனப் பறிகொடுத்தவ."

அவள் தரையில் படுத்து உள்ளே நகர்ந்தாள். ஃபோனில் அக்காவின் குரல் கேட்டது: "முன் சக்கரத்துக்குப் பின்னாடி. வெல்டிங் இருக்குற இடத்துல விரலால தடவு. பச்சைப் பொட்டு இருக்கா?"

"இல்ல. முடி மாதிரி ஒரு கோடு ஓடுது."

வேன் ஓட்டுநர் திட்டிக்கொண்டே இறங்கினார். திட்டிக்கொண்டே குனிந்தார். பிறகு திட்டு நின்றது. சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு தன் ஃபோனை எடுத்து யாரையோ அழைத்தார். "டேய், நீ எங்க வந்துட்டிருக்க? ஓரமா நிறுத்து. நிறுத்துடான்னா!"

பின்னால் வண்டிகள் சேர்ந்தன. ஹாரன் காதைக் கிழித்தது. சந்தைக் கண்காணிப்பாளர் ஓடி வந்து, அனுமதிக் கடிதம் எங்கே என்று கத்தினார். தங்கை அவரைத் தாண்டி அடுத்த வேனுக்குப் போனாள்.

எதிர்ப்பக்கம் நின்ற போலீஸ் ஜீப்பில் ஏட்டு நெளிந்தார். "போக்குவரத்துக்கு இடைஞ்சல் மேடம். சட்டப்படி விலக்கணும். என்ன செய்யட்டும்?"

துருவி சாலையைப் பார்த்தார். மூன்றாவது வேனின் கீழிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் முதல் வேனின் ஓட்டுநரும் படுத்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்பை ரோட்டுக்குக் குறுக்க நிறுத்துங்க" என்றார்.